‘கிங்கானி’ எப்படி ‘ஃபிஃபி’ ஆனது: தாங்கனிக்கா ஏரியில் சிறைபிடிக்கப்பட்ட ஜெர்மன் பீரங்கிப் படகு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதல் உலகப் போரில் ஆப்பிரிக்காவின் நடுவே உள்ள ஓர் ஏரியில் ஒரு சிறு ஜெர்மன் போர்ப்படகு பிரிட்டிஷ் கடற்படையிடம் பிடிபட்டது. ஆறு வாரங்கள் கழித்து அதே படகு, தன் பழைய துணைக்கப்பலையே துரத்திச் சென்று மூழ்கடித்தது. இதைப் பற்றிய கதைகள் பெரும்பாலும் பிரிட்டிஷ் தளபதியின் விசித்திரக் குணங்களைச் சொல்வதிலேயே நின்றுவிடுகின்றன. படகைப் பற்றியும், அதைச் சுற்றி உழைத்தவர்களைப் பற்றியும் வாசகர்கள் தொடர்ந்து கேட்கும் கேள்விகளுக்கான விடைகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

‘கிங்கானி’ என்பது எந்த வகைக் கப்பல்?

கப்பல் என்று சொல்வதைவிட நீராவிப் படகு என்று சொல்வதே பொருந்தும். அதன் நீளம் ஏறத்தாழ 17 மீட்டர். நம் மீன்பிடித் துறைமுகங்களில் நிற்கும் ஒரு நடுத்தர விசைப்படகின் அளவுதான். இன்றைய தான்சானியாவில், பாகமோயோ அருகே கடலில் கலக்கும் ரூவு ஆற்றுக்கு அந்தக் காலத்தில் கிங்கானி என்ற பெயரும் வழங்கியது. படகின் பெயர் அதிலிருந்து வந்தது.

ஜெர்மன் கிழக்கு ஆப்பிரிக்கா என்று அழைக்கப்பட்ட காலனியின் கடற்கரைப் பணிக்காக வைத்திருந்த இந்தப் படகை, போர் மூண்டதும் தார் எஸ் சலாமிலிருந்து ரயிலில் ஏற்றி, 1,200 கிலோமீட்டருக்கும் மேல் உள்நாட்டில் இருந்த கிகோமா துறைக்குக் கொண்டுபோனார்கள். தார் எஸ் சலாமையும் கிகோமாவையும் இணைக்கும் ரயில் பாதை 1914-இல்தான் ஏரிக்கரையைத் தொட்டிருந்தது. அந்தப் பாதை இன்னும் ஓராண்டு தாமதமாகியிருந்தால் இந்தக் கதையே நடந்திருக்காது.

படகின் அணியத்தில், அதாவது முன்பகுதியில், ஒரு சிறு பீரங்கி பொருத்தப்பட்டிருந்தது. அதை முன்னோக்கி மட்டுமே சுட முடியும். இந்தக் குறைதான் பின்னர் படகின் விதியை முடிவு செய்தது.

ஓர் ஏரியில் போர்க்கப்பல்களுக்கு என்ன வேலை?

தாங்கனிக்கா சாதாரண ஏரி இல்லை. வடக்கு தெற்காக ஏறத்தாழ 670 கிலோமீட்டர் நீளமும், சராசரியாக 50 கிலோமீட்டர் அகலமும், 1,470 மீட்டர் ஆழமும் கொண்டது. உலகின் ஆழமான ஏரிகளில் இரண்டாவது இடம் அதற்கு. 1914-இல் அதன் கிழக்குக் கரை ஜெர்மனியிடமும், மேற்குக் கரை பெல்ஜியத்தின் காங்கோவிடமும், தென்முனை பிரிட்டனின் வடக்கு ரொடீசியாவிடமும் இருந்தன. நல்ல சாலைகள் இல்லாத அந்தப் பகுதியில் படைகளையும் உணவையும் வெடிமருந்தையும் நகர்த்த ஏரிதான் நெடுஞ்சாலை. ஏரியில் யாருடைய கப்பல் சுதந்திரமாக ஓடுகிறதோ அவர்கள் எந்தக் கரையிலும் நினைத்த நேரத்தில் இறங்கலாம். மற்றவர்கள் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் கரையைக் காவல் காத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

போர் தொடங்கிய சில நாட்களிலேயே ஜெர்மானியர்கள் இதைப் புரிந்துகொண்டார்கள். தார் எஸ் சலாம் துறைமுகத்தில் ‘மோவே’ என்ற தங்கள் அளவைக் கப்பலைத் தாங்களே மூழ்கடித்துவிட்டு, அதன் மாலுமிகளையும் பீரங்கிகளையும் குஸ்தாவ் சிம்மர் என்ற அதிகாரியின் தலைமையில் கிகோமாவுக்கு அனுப்பினார்கள். ஏரியில் ஏற்கெனவே ‘ஹெட்விக் ஃபான் விஸ்மான்’ என்ற நீராவிக் கப்பல் இருந்தது. காலனியின் முன்னாள் ஆளுநர் ஹெர்மான் ஃபான் விஸ்மானின் மனைவி பெயர் அது. 1914 ஆகஸ்ட் 22 அன்று அந்தக் கப்பல், லுகுகாவில் இருந்த ‘அலெக்சாந்திர் தெல்கொமூன்’ என்ற பெல்ஜியக் கப்பலைத் தாக்கிச் சேதப்படுத்தியது. நவம்பரில் ஏரியின் தென்முனையில் இருந்த பிரிட்டிஷ் நீராவிப் படகுகளும் அழிக்கப்பட்டன. அதன் பிறகு ஏரி முழுவதும் ஜெர்மானியர் கையில். கிங்கானியும் ஹெட்விக்கும் ரோந்து சுற்றுவதும், கரையை நோட்டமிடுவதும், ஆட்களை இறக்கித் தாக்குதல் நடத்திவிட்டுத் திரும்புவதுமாக ஓராண்டுக்கு மேல் கழிந்தது.

இதைப் பிடிக்கும் திட்டம் யாருடையது?

ஜான் லீ என்ற வேட்டைக்காரர் 1915 ஏப்ரலில் லண்டனில் பிரிட்டிஷ் கடற்படைத் தலைமையகத்துக்குச் சென்று இந்த யோசனையைச் சொன்னார். அவருக்கு அந்தப் பகுதி நன்கு தெரியும். வேகமான மோட்டார் படகுகளைத் தென்னாப்பிரிக்கா வழியாக ரயிலிலும், மலைமேல் இழுத்தும், ஆற்றில் மிதக்கவிட்டும் ஏரிக்குக் கொண்டுபோய்விட்டால், மெதுவாக ஓடும் ஜெர்மன் நீராவிப் படகுகளை வெல்லலாம் என்பது அவருடைய கணக்கு. கடற்படைத் தலைவர் அட்மிரல் ஹென்றி ஜாக்சன், ஒரு கப்பல் மிதக்கும் அளவுக்குத் தண்ணீர் எங்கே இருந்தாலும் அங்கே எதிரியோடு மோதுவது கடற்படையின் கடமையும் மரபும் ஆகும் என்ற பொருளில் எழுதி ஒப்புதல் அளித்தார்.

தலைமைப் பொறுப்பு ஜெஃப்ரி ஸ்பைசர்-சிம்சன் என்ற அதிகாரிக்குக் கிடைத்தது. படகுகள் இரண்டுக்கும் ‘பூனை’, ‘நாய்’ என்று பெயர் வைக்க அவர் அனுமதி கேட்டார், தலைமையகம் மறுத்துவிட்டது. உடனே ‘மிமி’, ‘டூட்டூ’ என்ற பெயர்களைத் தந்தார். பிரெஞ்சுக் குழந்தைகள் பூனையையும் நாயையும் கொஞ்சிக் கூப்பிடும் பெயர்கள் அவை என்று அவரே பின்னர் விளக்கினார்.

மிமியும் டூட்டூவும் 12 மீட்டர் நீளமுள்ள மரப்படகுகள். ஒவ்வொன்றிலும் 100 குதிரைத்திறன் கொண்ட இரண்டு பெட்ரோல் எஞ்சின்கள். முன்னால் ஒரு 3-பவுண்டர் பீரங்கி, பின்னால் ஓர் இயந்திரத் துப்பாக்கி. ‘பவுண்டர்’ என்பது பீரங்கி எறியும் குண்டின் எடையைக் குறிக்கும் பழைய கணக்கு. குண்டின் எடை கூடினால் பின்னுதைப்பும் கூடும். அதைத் தாங்கும் உடல் படகுக்கு வேண்டும். மெல்லிய மரப்படகில் 3-பவுண்டரைத் தாண்டி எதையும் ஏற்ற முடியாது. கிங்கானியைப் பிடித்தது ஏன் அவ்வளவு பெரிய விஷயம் என்பது இந்த ஒரு தகவலில் அடங்கியிருக்கிறது.

படகுகள் ஏரிக்கு எப்படி வந்து சேர்ந்தன?

1915 ஜூன் மாதம் இங்கிலாந்திலிருந்து கப்பலேறிய மிமியும் டூட்டூவும் ஜூலைத் தொடக்கத்தில் கேப் டவுனை அடைந்தன. அங்கிருந்து ரயிலில் வடக்கே எலிசபெத்வில், அதைத் தாண்டி ஃபுங்குருமே. ரயில் பாதை அங்கே முடிந்தது. அடுத்த ரயில் பாதை தொடங்கும் சங்கிசியாவுக்கு இடையில் ஏறத்தாழ 235 கிலோமீட்டர் காடும், கடல்மட்டத்திலிருந்து 1,800 மீட்டர் உயரத்துக்கு ஏறி இறங்க வேண்டிய மிதும்பா மலையும் இருந்தன.

இந்தப் பயணத்தைப் பற்றி எழுதுபவர்கள் இரண்டு நீராவி இழுவை எஞ்சின்களைத் தவறாமல் குறிப்பிடுவார்கள். அந்த எஞ்சின்கள் நகர வேண்டுமானால் முதலில் சாலை வேண்டும். மரங்களை வெட்டி, வேர்களைப் பிடுங்கி, பாறைகளைப் பெயர்த்துப் பாதை போட்டவர்கள் நூற்றுக்கணக்கான காங்கோ மக்கள். வழியில் இருந்த ஓடைகளுக்கும் பள்ளங்களுக்கும் ஏறத்தாழ 150 பாலங்களை வெட்டிய மரங்களைக்கொண்டே கட்டினார்கள். எஞ்சின் வழுக்கிய இடங்களில் காளைகளைப் பூட்டினார்கள். காளைகளாலும் முடியாத சரிவுகளில் மரத்தில் சுற்றிய வடத்தை மனிதர்களே இழுத்தார்கள். அது வறண்ட பருவம். கொதிகலன் குடிக்கும் தண்ணீருக்காக உள்ளூர்ப் பெண்கள் தொலைதூரத்திலிருந்து பானைகளில் தண்ணீர் சுமந்து வந்தார்கள். ஓர் இரும்பு எஞ்சினின் தாகத்தைத் தணிக்கத் தலையில் பானையோடு பல கிலோமீட்டர் நடந்த அந்தப் பெண்களை நினைக்காமல் இந்தப் பகுதியை என்னால் கடந்துபோக முடிவதில்லை.

செப்டம்பர் இறுதியில் படகுகள் சங்கிசியாவை அடைந்தன. அங்கிருந்து புக்காமா வரை குறுகிய ரயில் பயணம், பிறகு லுவலாபா ஆறு. ஆற்றில் நீர் குறைந்திருந்ததால் படகுகளின் அடியில் பீப்பாய்களைக் கட்டி மிதக்கவிட்டார்கள். அப்படியும் மணல் திட்டுகளில் மீண்டும் மீண்டும் தட்டின. கபாலோவில் மறுபடியும் ரயிலேற்றி, அக்டோபர் இறுதியில் லுகுகா அருகே ஏரிக்கரையை எட்டினார்கள். கலேமி என்ற இடத்தில் கற்களைக் கொட்டி ஒரு சிறு துறையைக் கட்டிய பிறகு, டிசம்பர் 22, 23 தேதிகளில் படகுகள் ஏரியில் இறங்கின.

ஜெர்மானியர்களுக்கு இது தெரியாமலா போனது?

ஏதோ நடக்கிறது என்ற சந்தேகம் அவர்களுக்கு இருந்தது. மறுகரையில் பெல்ஜியர்கள் புதிதாக ஒரு கப்பலைப் பூட்டுகிறார்கள் என்றுதான் பெரிதும் நினைத்தார்கள். டிசம்பர் தொடக்கத்தில் ரோசன்தால் என்ற ஜெர்மன் அதிகாரி இரவில் நீந்திவந்து துறையைப் பார்த்தார். படகுக்குத் திரும்ப முடியாமல் பிடிபட்டார். கண்காணிக்க வந்தவர்களுக்குக் கரையில் துறை கட்டும் வேலை தெரிந்ததே தவிர, ரயில் பெட்டிகளில் மறைந்திருந்த இரண்டு மோட்டார் படகுகள் தெரியவில்லை.

கிங்கானி பிடிபட்ட நாளில் என்ன நடந்தது?

1915 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள். காலையில் கிங்கானி வழக்கம்போல் மேற்குக் கரையை நோட்டமிட்டபடி மெதுவாக வந்துகொண்டிருந்தது. கரையில் பிரிட்டிஷ் குழுவினர் ஞாயிறு வழிபாட்டில் இருந்தார்கள். வழிபாடு முடியும்வரை காத்திருந்து, படகு துறையைக் கடந்து போகவிட்டு, அதற்கும் கிகோமாவுக்கும் இடையில் புகுந்து திரும்பும் வழியை அடைக்கும்படி மிமியும் டூட்டூவும் கிளம்பின.

கிங்கானியின் தலைவர் யுங்கே என்ற இளம் அதிகாரி. படகுகளைக் கண்டதும் அவர் திருப்பி விரைந்தார். ஆனால் மோட்டார் படகுகளின் வேகம் நீராவிப் படகின் வேகத்தைப் போல் இருமடங்குக்கும் மேல். அவை பின்பக்கமாகவே நெருங்கின. முன்னோக்கி மட்டுமே சுடக்கூடிய பீரங்கியால் பின்னால் வருபவரைச் சுட வேண்டுமானால் படகையே திருப்ப வேண்டும். திருப்பினால் தப்பிக்கும் தூரம் குறையும். கிங்கானி அந்தப் பொறியில் சிக்கியது.

சண்டை நீடித்தது 11 நிமிடங்கள்தான். ஒரு குண்டு பீரங்கியின் கவசத் தகட்டைத் துளைத்துச் சென்று யுங்கேயையும் அவரோடு நின்ற இரு துணை அதிகாரிகளையும் கொன்றது. தலைமைப் பொறியாளர் மேலே வந்து கொடியை இறக்கினார். ஆப்பிரிக்க மாலுமிகளும் உயிர் தப்பிய ஜெர்மானியர்களும் கைதானார்கள். படகில் ஓர் ஆடும் இருந்தது. குண்டுகளுக்கு நடுவே அது மட்டும் காயமின்றித் தப்பி, பிறகு பிடித்தவர்களின் செல்லப் பிராணியாக வளர்ந்தது.

பக்கவாட்டில் ஓட்டை விழுந்திருந்த கிங்கானி மெல்லக் கரைக்கு வந்து, ஆழம் குறைந்த இடத்தில் அமிழ்ந்து அடிதட்டி நின்றது. இறந்தவர்கள் இராணுவ மரியாதையோடு அடக்கம் செய்யப்பட்டார்கள்.

‘ஃபிஃபி’ என்ற பெயர் எங்கிருந்து வந்தது?

மிமி, டூட்டூ என்ற வரிசைக்கு ஏற்ப வைத்த பெயர். பெல்ஜிய அதிகாரி ஒருவரின் மனைவி வளர்த்த கூண்டுப் பறவையின் பெயர் அது என்று சொல்லப்படுகிறது. அந்தப் போரில் பிரிட்டிஷ் கடற்படை பிடித்துத் தன் கொடியின் கீழ் சேர்த்துக்கொண்ட முதல் ஜெர்மன் போர்க்கலம் என்ற இடம் இதற்கு உண்டு.

பிடித்த படகில் என்னென்ன மாற்றங்கள் செய்தார்கள்?

மூழ்கிய படகைத் தூக்கி, ஓட்டைகளை அடைத்து, கொதிகலனைச் சரிபார்த்ததோடு அவர்கள் நிற்கவில்லை. பெல்ஜியர்களிடம் கரைக்காவலுக்காக இருந்த 12-பவுண்டர் பீரங்கி ஒன்றைப் பெற்று அணியத்தில் பொருத்தினார்கள். பழைய சிறு பீரங்கியை அமரத்துக்கு, அதாவது பின்பகுதிக்கு மாற்றினார்கள். முன்னால் மட்டும் சுடக்கூடியதாக இருந்த படகு இப்போது இரு பக்கமும் சுடத் தொடங்கியது.

முன்பு சொன்ன குண்டெடைக் கணக்கை இங்கே திரும்ப நினைத்துப் பாருங்கள். மிமியும் டூட்டூவும் வேகமானவை, ஆனால் அவற்றின் 3-பவுண்டர் குண்டு ஹெட்விக் போன்ற பெரிய கலத்தை மூழ்கடிக்கப் போதாது. கனமான பீரங்கி கரையில் இருந்தது, ஆனால் அதைச் சுமக்கும் உடல் பிரிட்டிஷாரிடம் இல்லை. கிங்கானி அந்த உடலைக் கொடுத்தது. என் பார்வையில், டிசம்பர் 26 சண்டையின் உண்மையான பலன் எதிரியின் படகு ஒன்று குறைந்ததைவிட, 12-பவுண்டர் ஏறி நிற்க ஒரு மேடை கிடைத்ததுதான். அப்போதும் சிரமம் இருக்கத்தான் செய்தது: அந்தப் பீரங்கி ஒவ்வொரு முறை வெடித்தபோதும் படகு அதிர்ந்து, போன வேகத்தை இழந்து நின்றதாகச் சண்டையில் இருந்தவர்கள் கூறினார்கள்.

ஃபிஃபி தன் பழைய துணையை மூழ்கடித்தது எப்படி?

கிங்கானி திரும்பி வராததால், அதைத் தேடியும் மறுகரையை நோட்டமிட்டும் ஹெட்விக் வந்தது. 1916 பிப்ரவரி 9 அன்று அது கண்ணில் பட்டதும், ஸ்பைசர்-சிம்சன் ஃபிஃபியில் ஏறிப் புறப்பட்டார். மிமி உடன் சென்றது. டூட்டூ ஜனவரிப் புயலில் சேதமடைந்திருந்ததால் வரவில்லை.

ஹெட்விக்கின் தலைவர் ஒடெப்ரெக்ட் எதிரிகளை அடையாளம் கண்டதும் கப்பலைத் திருப்பினார். அன்று ஏரியின் மேல் கானல் படர்ந்திருந்ததால் தூரத்தைக் கணிப்பது கடினம். ஃபிஃபியின் முதல் குண்டுகள் இலக்கைத் தாண்டி விழுந்தன. ஹெட்விக் சற்று வேகமானது. இடைவெளி கூடிக்கொண்டே போனது.

அப்போது மிமி முன்னால் பாய்ந்தது. ஹெட்விக்கின் வலுவான பீரங்கிகள் முன்புறத்தில் இருந்தன. ஏறத்தாழ 2,700 மீட்டர் தொலைவில் இருந்து மிமி சுடத் தொடங்கியதும், அதற்குப் பதில் கொடுக்க ஹெட்விக் திரும்பித் திரும்பி நிற்க வேண்டியதாயிற்று. ஒவ்வொரு திரும்பலும் ஃபிஃபிக்குச் சில நூறு மீட்டர்களை மிச்சப்படுத்தியது. கிங்கானிக்கு நேர்ந்த அதே சிக்கல்தான் இது; பீரங்கி எந்தப் பக்கம் பார்க்கிறது என்பது மறுபடியும் ஒரு கப்பலின் முடிவை எழுதியது.

ஃபிஃபி எட்டும் தூரத்துக்கு வந்தபோது அதில் மூன்றே குண்டுகள் மிஞ்சியிருந்தன. அவற்றில் ஒன்று குழாயில் சிக்கிக்கொண்டது. வெடிக்காமல் சிக்கிய குண்டை உடனே எடுக்க முடியாது. திறக்கும் நேரத்தில் வெடித்தால் சுற்றி நிற்பவர்கள் அத்தனை பேரும் பலி. ஏறத்தாழ 20 நிமிடங்கள் காத்திருந்து அதை நீக்கிவிட்டு, மிச்சமிருந்த குண்டுகளைச் சுட்டார்கள். அவை ஹெட்விக்கின் உடலையும் எஞ்சின் அறையையும் தாக்கின. ஒடெப்ரெக்ட் கப்பலைக் கைவிடச் சொன்னார். அது முன்பகுதி சாய்ந்து ஏரியின் ஆழத்துக்குப் போனது. தண்ணீரிலிருந்து மீட்கப்பட்ட ஜெர்மன் கடற்படைக் கொடி, அந்தப் போரில் பிரிட்டனின் கைக்கு வந்த முதல் ஜெர்மன் கடற்படைக் கொடி.

பெரிய கப்பலான ‘கிராஃப் ஃபான் கோட்சன்’ உடன் ஃபிஃபி மோதவில்லையா?

இல்லை. ஹெட்விக் மூழ்கிய மறுநாளே கோட்சன் தன் துணையைத் தேடி அந்தப் பக்கம் வந்தது. மோதலாமா என்று துடித்தவர்களை ஸ்பைசர்-சிம்சன் தடுத்துவிட்டார். அவரைக் கோழை என்று எழுதியவர்கள் உண்டு. அந்த முடிவை நான் குறை சொல்ல மாட்டேன். கோட்சன் ஜெர்மனியில் பகுதி பகுதியாகச் செய்து, ஏறத்தாழ 5,000 பெட்டிகளில் அனுப்பி, கிகோமாவில் பூட்டிய 70 மீட்டர் நீளக் கப்பல். 1915 ஜூனில் பணிக்கு வந்த அதில், ருஃபிஜி ஆற்று முகத்துவாரத்தில் அழிந்த ‘கோனிக்ஸ்பெர்க்’ என்ற போர்க்கப்பலிலிருந்து கழற்றிய 105 மில்லிமீட்டர் பீரங்கி ஏற்றப்பட்டிருந்தது. அதற்கு முன்னால் ஃபிஃபி ஓர் ஓடம்.

ஆனால் அவருடைய அடுத்த முடிவை அப்படி ஆதரிக்க முடியவில்லை. 1916 ஜூனில் ஃபிஃபியும் மோட்டார் படகுகளும், ஏரியின் தெற்கே உள்ள பிஸ்மார்க்பர்க் கோட்டையை நிலவழியாக முற்றுகையிட்ட பிரிட்டிஷ் படைக்கு உதவியாக அனுப்பப்பட்டன. கோட்டையின் பீரங்கிகளுக்கு அஞ்சி அவர் படகுகளை விலக்கி நிறுத்தினார். இரவோடு இரவாக ஜெர்மன் படை ஓடங்களில் ஏறித் தப்பித்துப் போனது. உள்ளே போய்ப் பார்த்தபோது, அச்சுறுத்திய பீரங்கிகள் மரத்தால் செய்த போலிகள். ஏரிவழியை அடைத்து நிற்பதற்காகவே வந்த ஃபிஃபி அந்த ஒரு வேலையைச் செய்யவில்லை. தவறு படகுடையது அன்று.

கோட்சனைப் பொறுத்தவரை, பெல்ஜிய விமானங்கள் அதன் மீது குண்டு வீசின. நிலவழியே பெல்ஜியப் படைகள் கிகோமாவை நெருங்கின. 1916 ஜூலை 26 அன்று ஜெர்மானியர்களே அதை மூழ்கடித்தார்கள். அதற்கு முன்பே அதன் பெரிய பீரங்கியை நிலப்போருக்காகக் கழற்றிவிட்டு, இடத்தில் மரப்பீரங்கி வைத்திருந்தார்கள்.

ஃபிஃபிதான் இன்றைய ‘லியம்பா’ என்று சிலர் எழுதுகிறார்களே?

அது குழப்பம். லியம்பா என்பது கோட்சனின் புதிய பெயர். மூழ்கடிப்பதற்கு முன் அதன் ஜெர்மன் பொறியாளர்கள் எஞ்சின்களில் தடிமனாகக் கிரீஸ் பூசி வைத்திருந்தார்கள். என்றாவது ஒரு நாள் மீட்கலாம் என்ற எண்ணம். போருக்குப் பின் பெல்ஜியர்கள் தூக்கிய கப்பல் மறுபடியும் மூழ்கியது. 1924-இல் பிரிட்டிஷார் அதை மீட்டபோது எஞ்சின்கள் பழுதுபார்க்கும் நிலையில் இருந்தன. 1927-இல் லியம்பா என்ற பெயரில் பயணிகள் கப்பலாக ஓடத் தொடங்கி, நூற்றாண்டைக் கடந்தும் அதே ஏரியில் இருக்கிறது. ஃபிஃபிக்கு அந்த ஆயுள் வாய்க்கவில்லை. ஏரியில் சண்டை ஓய்ந்த பிறகு அதன் போர்க்கல வாழ்வு முடிந்துவிட்டது.

இதேபோல் வேறு ஏரிகளிலும் நடந்ததா?

நியாசா ஏரியில், இன்றைய மலாவி ஏரியில், 1914 ஆகஸ்டிலேயே நடந்தது. அங்கே ‘ஹெர்மான் ஃபான் விஸ்மான்’ என்ற ஜெர்மன் படகு பழுதுபார்ப்பதற்காகக் கரையேற்றப்பட்டிருந்தபோது, ‘குவெண்டலன்’ என்ற பிரிட்டிஷ் கப்பல் வந்து சுட்டு அதைச் செயலிழக்கச் செய்தது. இரு கப்பல்களின் தலைவர்களும் நெருங்கிய நண்பர்கள். போர் தொடங்கிய செய்தியே ஜெர்மன் தலைவரை எட்டியிருக்கவில்லை. சிறு ஓடத்தில் ஏறிவந்து, என்ன காரியம் செய்கிறாய் என்று நண்பரிடம் கோபமாகக் கேட்டார். அவரைக் கைது செய்தார்கள்.

தமிழ்நாட்டுக்கும் இந்தப் போர்முனைக்கும் தொடர்பு உண்டா?

ஏரிச் சண்டையோடு நேரடித் தொடர்பு இல்லை. அதே காலனியின் கடற்கரையில் உண்டு. 1914 நவம்பர் தொடக்கத்தில் தாங்கா துறைமுகத்தைப் பிடிக்க பிரிட்டன் இறக்கி, பெருந்தோல்வி கண்ட இந்தியப் படையில், பாளையங்கோட்டையின் பெயரைத் தாங்கிய 63-ஆம் காலாட்படைப் பிரிவும் இருந்தது. நீண்ட கடற்பயணத்தில் சோர்ந்து, போதிய பயிற்சியின்றி இறக்கப்பட்ட அந்த வீரர்கள் மீது தோல்வியின் பழியையும் ஏற்றினார்கள். அந்தத் தோல்விக்குப் பின் ஜெர்மானியர்களின் கை ஓங்கியிருந்த நிலையில்தான் 1915-இல் ஏரிப் பயணம் திட்டமிடப்பட்டது.

ஆப்பிரிக்கர்கள் பற்றி ஏன் இவ்வளவு வலியுறுத்தல்? கேள்வி கப்பலைப் பற்றியதுதானே?

கப்பலைப் பற்றிய விடையே அவர்களிடம் இருப்பதால்தான். கிங்கானியின் கொதிகலனுக்கு விறகு போட்டவர்கள் ஆப்பிரிக்கர்கள். அதைப் பிடித்த படகுகளை மலையேற்றியவர்களும் ஆப்பிரிக்கர்கள். இந்தப் பயணத்தின் கணக்குகளில் ஏறத்தாழ 28 பேர் கொண்ட பிரிட்டிஷ் குழுவின் பெயர்கள், பதவிகள், பழக்கவழக்கங்கள் வரை கிடைக்கின்றன. பாதை வெட்டியவர்கள் ‘நூற்றுக்கணக்கான தொழிலாளர்கள்’ என்ற ஒற்றைத் தொடருக்குள் அடைபட்டுக் கிடக்கிறார்கள். ஸ்பைசர்-சிம்சனுக்குப் பதவி உயர்வும் பதக்கமும் மன்னரின் வாழ்த்துத் தந்தியும் வந்தன. கிழக்கு ஆப்பிரிக்கப் போர் முழுவதிலும் பிரிட்டன் பக்கம் சுமை தூக்கிய ஆப்பிரிக்கர்களில் இறந்தவர்கள் மட்டும் ஏறத்தாழ 95,000 பேர் என்று கணக்கிடப்படுகிறது. பெரும்பாலோரைக் கொன்றவை நோயும் பட்டினியும் களைப்பும். இந்த எண்ணைப் பக்கத்தில் வைக்காமல் ஃபிஃபியின் வீரக்கதையை மட்டும் சொல்வது நியாயமாக எனக்குப் படவில்லை.

இந்த வரலாற்றின் தடயங்களை இன்று எங்கே பார்க்கலாம்?

மிமியும் டூட்டூவும் இறங்கிய கலேமி, இப்போது காங்கோ ஜனநாயகக் குடியரசின் துறைமுக நகரம். எதிர்க்கரையில் தான்சானியாவின் கிகோமா. தார் எஸ் சலாமிலிருந்து வரும் அந்தப் பழைய ரயில் பாதை இன்றும் அங்கேதான் முடிகிறது. லியம்பாவின் துறையும் அதுவே.

தார் எஸ் சலாமின் மையத்தில் கரியாக்கூ என்ற பரபரப்பான சந்தைப் பகுதி இருக்கிறது. காய்கறியும் துணியும் கைப்பேசியும் விற்கும் அந்த இடத்தில், போரின்போது சுமைதூக்கிகள் தங்கவைக்கப்பட்டிருந்தார்கள். ‘கேரியர் கோர்’ என்ற அவர்களுடைய படைப்பிரிவின் பெயர் சுவாகிலி நாவில் திரிந்து கரியாக்கூ ஆனது. நைரோபியில் அதே சொல் கரியோகோர் என்று வழங்குகிறது.